அப்பா வரட்டும், இரு!

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில், ஆண்டகளூர் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சத்திரம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்றுப்பட்டு ஊர்களில் கோழிப்பண்ணை, மரவள்ளிக்காடு, கறவை மாடு. இவற்றோடு லாரி. இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் நல்லது கெட்டது எல்லாமே வண்டி எப்போது ஊர் திரும்பும் என்பதை வைத்துத்தான் முடிவாகின்றன. அப்பா ஓட்டுநராக இருக்கலாம், சொந்த வண்டிக்காரராக இருக்கலாம், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போடப் போனவராகவும் இருக்கலாம். எப்படியானாலும் ஆள் வடக்கே இருப்பார். லோடு இறக்கி, திரும்பு லோடு கிடைத்து, ஊர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ரிக் வண்டி என்றால் மாதக்கணக்கு.

வீட்டில் அம்மா. பல வீடுகளில் துணைக்கு அம்மாவைப் பெற்ற அம்மாயி, அப்புச்சி, இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற அப்பத்தா. ஐந்து வயதுப் பையன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறான். தங்கச்சியைக் கிள்ளுகிறான். குளிக்க மாட்டேன் என்று வாசலில் உருள்கிறான். காலையில் பண்ணைக்குப் போய் முட்டை பொறுக்கிவிட்டு வந்து, மாட்டுக்குத் தீனி போட்டு, அடுப்பையும் கவனிக்கிற அம்மா மூன்று முறை சொல்லிப் பார்க்கிறாள். நான்காம் முறை அவளை அறியாமல் வாயில் வந்துவிடுகிறது: "இரு, உங்கப்பன் வரட்டும்!"

பையன் அந்த நிமிடம் அடங்கிவிடுவான். அதனால்தான் இந்த வாக்கியம் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருக்கிறது. ஆனால் அது செய்யும் கெடுதல் மெதுவாகத்தான் தெரியவரும்.

ஐந்து வயதுக் குழந்தையின் கணக்கில் பத்து நாள் என்பது மிக நீண்ட காலம். இன்றைக்குத் தட்டைத் தள்ளியதற்கும் அடுத்த வெள்ளிக்கிழமை கிடைக்கும் திட்டுக்கும் அவன் மனதில் முடிச்சு விழாது. அப்பா வந்தார், திட்டினார் என்பது மட்டும் பதியும். இரண்டாவது, இந்தச் சொல்லால் அம்மா தன் அதிகாரத்தைத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறாள். 'என்னால் உன்னைச் சமாளிக்க முடியாது, அதற்கு வேறு ஆள் வர வேண்டும்' என்பதுதான் குழந்தை அதிலிருந்து எடுத்துக்கொள்கிற செய்தி. மூன்றாவதுதான் வேதனையானது. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு தாபாவில் உட்கார்ந்து பிள்ளைகளின் படத்தை செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர், தன் வீட்டில் பூச்சாண்டியின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறார்.

அவர் வந்த பிறகு நடப்பதும் இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. சில அப்பாக்கள் வந்த அன்றே மனைவியின் புகார்ப் பட்டியலைக் கேட்டுவிட்டுக் கையை ஓங்குவார்கள். இன்னும் பலர் நேர் எதிர். "வர்றதே ரெண்டு நாளு, அதுலயும் புள்ளையத் திட்டிட்டே இருக்கறதா?" என்று கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுப்பார்கள். ராத்திரி பதினோரு மணி வரை போன், பேக்கரியில் விரும்பியதெல்லாம். மூன்றாம் நாள் வண்டி கிளம்பிவிடும். 'வேண்டாம், கூடாது' என்று சொல்கிற வேலை மறுபடி அம்மாவின் தலையில் விழும். அந்த வாரத்தில் பையனின் அழும்பு இரண்டு மடங்காகும். "அவங்கப்பன் வந்துட்டுப் போனாலே இப்படித்தான்" என்று அம்மாயி சலித்துக்கொள்வார்.

அம்மாயி கவனித்தது சரி. பெற்றோரில் ஒருவர் நெடுநாள் வெளியே இருப்பது சிறு குழந்தையின் நடத்தையில் தெரியும் என்பதை ராணுவக் குடும்பங்களை வைத்து அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். போர்முனைக்குப் போயிருந்த பெற்றோரின் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம், பெற்றோர் வீட்டிலேயே இருந்த பிள்ளைகளைவிடச் சேட்டையும் எரிச்சலும் கூடுதலாக இருந்ததை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்பாவைக் காணாத ஏக்கத்தை 'ஏக்கம்' என்று சொல்லத் தெரியாத வயதில், குழந்தை அதைத் தட்டைத் தள்ளித்தான் சொல்கிறது.

எல்லாச் சேட்டைக்கும் ஏக்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பசி, தூக்கம், சலிப்பு, பொறாமை, சும்மா ஒரு பரிசோதனை என்று காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிய நடத்தை ஆய்வாளர்கள் கையாளும் வழி, படிக்காத தாயும் பின்பற்றக்கூடிய அளவுக்கு எளிமையானது. குழந்தை செய்ததை மட்டும் பார்க்காமல், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அது முடிந்த கையோடு என்ன நடந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது.

ஒரு பேக்கரி வாசலை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் பேருந்துக்கு நிற்கும்போது பையன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கிரீம் பன்னைக் காட்டுகிறான். அம்மா வேண்டாம் என்கிறாள். சிணுங்குகிறான். வேண்டாம். அழுகிறான். வேண்டாம். தரையில் விழுந்து கை காலை உதைக்கிறான். நிற்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு பெரியவர், "வாங்கிக் குடுத்துட்டுப் போம்மா, புள்ள அழுவுதில்ல" என்று அறிவுரை வேறு சொல்கிறார். அம்மா பன் வாங்கிக் கொடுக்கிறாள். அழுகை நிற்கிறது.

இங்கே இரண்டு பேர் பாடம் படித்திருக்கிறார்கள். சிணுங்கினால் கிடைக்காது, விழுந்து புரண்டால் கிடைக்கும் என்று பையன் படித்தான். கொடுத்துவிட்டால் மானம் தப்பும் என்று அம்மா படித்தாள். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் 1960களிலிருந்து குழுவோடு வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, பெற்றோரும் பிள்ளைகளும் சண்டையிடும் விதத்தைக் கணம் கணமாகக் குறித்துவைத்தார். முரட்டுப் பிள்ளைகள் உருவான வீடுகளில் அவர் திரும்பத் திரும்பக் கண்டது இந்தச் சுழலைத்தான். பிள்ளை குரலை உயர்த்தும், பெற்றோர் உயர்த்துவார்கள், பிள்ளை இன்னும் உயர்த்தும், கடைசியில் யாரோ ஒருவர் பணிவார்கள். பணிந்தவருக்கு நிம்மதி, வென்றவருக்குப் பழக்கம்.

'எப்போதாவது ஒரு தடவைதானே கொடுக்கிறோம்' என்ற சமாதானம் இந்த இடத்தில்தான் தவறாகிப்போகிறது. பி. எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை 1957இல் தொகுத்து வெளியிட்டார்கள். பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே தானியம் கிடைத்த புறாவோ, நின்ற பிறகும் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். ஆறு முறை மறுத்து ஏழாம் முறை கொடுக்கிற வீட்டில்தான் அடம் நீண்ட நாள் வாழும். மறுப்பதென்றால் கடைசி வரை மறுக்க வேண்டும். கொடுக்கலாம் என்று தோன்றினால், அழுவதற்கு முன்பே, கேட்ட முதல் தடவையே கொடுத்துவிடலாம். அதில் தவறே இல்லை.

இன்னொன்றையும் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இதுவரை அழுது சாதித்த குழந்தைக்கு ஒருநாள் திடீரெனப் பலிக்காமல் போனால், அழுகை குறையாது. முதலில் கூடும். முன்பைவிட உரக்க, முன்பைவிட நீளமாக. 'இந்த வழியும் வேலைக்காகவில்லை' என்று பல அம்மாக்கள் கைவிடுவது சரியாக இந்த இரண்டாம், மூன்றாம் நாளில்தான். அந்த உச்சத்தில் கொடுத்துவிட்டால், இன்னும் பெரிய அழுகைக்குப் பலன் உண்டு என்று கற்றுக் கொடுத்ததாக ஆகிவிடும். மினசோட்டாவைச் சேர்ந்த மைக்கேல் பொடேகல் சிறு குழந்தைகளின் அடத்தையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பெரும்பாலான அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன என்பது அவர் கண்டது. கோபம் முதலில் உச்சிக்குப் போய் இறங்கும், அழுகையும் ஆறுதல் தேடலும் தங்கிவிடும். கோபம் இறங்கும் வரை பக்கத்தில் பேசாமல் நின்று, இறங்கியதும் எடுத்து அணைத்துக்கொள்வது போதும். கத்திக்கொண்டிருக்கும்போது சொல்லும் புத்திமதி எதுவும் காதில் ஏறாது.

கூட்டுக் குடும்பத்தில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. அம்மா மறுத்ததை அப்புச்சி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். பேரப்பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நெஞ்சு அவருக்கு இல்லை. அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. பிள்ளை தூங்கிய பிறகு, "ஏனுங்கப்பா, சாப்பாட்டுக்கு முன்னால மட்டும் முட்டாய் குடுக்காதீங்க, சாயங்காலம் நீங்களே குடுங்க" என்று ஒரு வழியையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலான பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கொடுக்கிற மகிழ்ச்சி அவரிடமே இருக்கும், நேரம் மட்டும் மாறும். வீட்டில் பத்து விதிகள் வேண்டியதில்லை. மூன்றோ நான்கோ போதும். ஆனால் அந்த நான்குக்கும் வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், லாரியிலிருந்து இறங்கி வரும் அப்பா உட்பட.

அடி பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் பிள்ளை வளர்ப்பைப் பேச முடியாது. முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று இன்றைக்கும் சொல்லாத ஊரில்லை. ஒடித்த முருங்கை தழைக்கும், அதற்கு நினைவு கிடையாது. பிள்ளைக்கு உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பையனை விட்டத்துக் கயிற்றில் கைகளால் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனை சாதாரணம். பள்ளியில் சேர்க்கும்போதே, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க வாத்தியாரே" என்று தகப்பன்மார் சொல்லிவிட்டு வருவார்கள். அதைப் பெருமையாக நினைவுகூர்கிற தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்து ராசிபுரத்தைத் தன் பெயரின் முதல் எழுத்தாகத் தாங்கிய ஆர். கே. நாராயண், 1935இல் வெளிவந்த தன் முதல் நாவலில் காட்டிய சிறுவன் சுவாமி, தலைமையாசிரியரின் பிரம்பைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு ஓடுகிறான். பிறகு ஊரைவிட்டே ஓடப் பார்க்கிறான். அந்தப் பயம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொதுவானது.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரில் கேட்டது. மூன்றில் இரண்டு குழந்தைகள் ஏதோ ஒரு வகையில் அடிபட்டிருந்தார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேரை அடித்தது பெற்றவர்களே. தமிழ்நாட்டில் 2003லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடலை மட்டுமின்றி மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்துத் தடுத்தது. வீட்டுக்குள் அடிப்பதை இந்தியச் சட்டம் இன்னும் அப்படி நேரடியாகத் தடுக்கவில்லை. ஸ்வீடன் 1979இல், உலகிலேயே முதலாவதாக, அதையும் தடை செய்தது. தெற்காசியாவில் நேபாளம் 2018இல் செய்தது.

அடித்தால் திருந்துகிறார்களா என்பதுதான் பெற்றோருக்கு வேண்டிய பதில். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் என்ற இரு ஆய்வாளர்கள், ஐம்பது ஆண்டுகளில் செய்யப்பட்ட 75 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் வந்த குழந்தைகள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். காயம் படாத சாதாரண அடி மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டது. அடிக்கும் நல்ல நடத்தைக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. முரட்டுத்தனம், மனச்சோர்வு, பெற்றோரோடு உறவு கெடுவது ஆகியவற்றோடுதான் தொடர்பு தெரிந்தது. இப்படிப்பட்ட ஆய்வில் ஒரு சிக்கல் இருப்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: முரட்டுப் பிள்ளைக்குத்தான் அடி அதிகம் விழும், ஆகவே எது காரணம், எது விளைவு என்று முழுதாகப் பிரிக்க முடியாது. ஆனால் அடி நல்லது செய்கிறது என்று காட்டும் பக்கம் காலியாகவே இருக்கிறது. தங்கச்சியை அடித்ததற்காகப் பையனை அடிக்கிற வீட்டில், பெரியவர்கள் சின்னவர்களை அடிக்கலாம் என்பதை அவன் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். அதற்கு ஆய்வே தேவையில்லை.

சரி, அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, கேட்டதும் கொடுக்கக் கூடாது. மிச்சம் என்ன இருக்கிறது என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வி.

மிச்சம் இருப்பதுதான் பெரிய பகுதி, நம் வீடுகளில் அதிகம் கையாளப்படாததும் அதுதான். பிள்ளை சரியாக நடந்துகொள்கிற நேரத்தைக் கவனிப்பது. அண்ணனும் தங்கச்சியும் அரைமணி நேரம் சண்டையில்லாமல் விளையாடினால் அந்த அரைமணி நேரமும் அம்மா வேலையில் இருப்பாள். 'அப்பாடா' என்று மூச்சுவிட்டு, சத்தம் வராத வரை அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். சண்டை வந்த நொடியில் ஓடி வருவாள். அம்மாவின் முழு முகமும் வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெளிவாகப் புரிந்துவிடும். திட்டும் ஒரு வகைக் கவனிப்பே. நாளெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்காத குழந்தைக்கு அது போதும்.

யேல் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இத்தகைய குடும்பங்களோடு வேலை செய்த ஆலன் கஸ்டின் சொல்லும் முறை இதுதான்: எந்தப் பழக்கம் போக வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதற்கு எதிரான நல்ல பழக்கம் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அது எப்போது தலைகாட்டும் என்று காத்திருந்து, தலைகாட்டிய அந்தக் கணமே, பக்கத்தில் போய், தொட்டு, என்ன செய்தான் என்பதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். கிள்ளுவது போக வேண்டும் என்றால், கையைக் கட்டிக்கொண்டு வாயால் கேட்டதைப் பாராட்ட வேண்டும். "தங்கச்சிகிட்ட பொம்மையப் புடுங்காம கேட்டு வாங்கினியே சாமி, அது நல்லாருந்துச்சு" என்பது "சமத்து" என்ற ஒற்றைச் சொல்லைவிடப் பல மடங்கு வேலை செய்யும். எதற்குப் பாராட்டு என்பது பையனுக்குத் தெரிந்தால்தானே அதை மறுபடி செய்வான்!

பாராட்டு என்றதும் நம் ஊரில் ஒரு தயக்கம் எழும். கண் பட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும். மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கி, அன்பு எப்படி வெளிப்படுகிறது என்பதை மட்டுமே ஒரு முழு நூலாக 1990இல் எழுதினார். தாய் தன் பிள்ளை மீதுள்ள பாசத்தை மறைத்துவைப்பது, கண் நிறையப் பார்க்காமல் இருப்பது, வேண்டுமென்றே சீண்டுவது எல்லாமே அன்பின் வடிவங்கள் என்று அவர் கண்டார். அது உண்மைதான். நம் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் அது தெரியும். ஆனால் மறைத்துவைத்த அன்பு நான்கு வயதில் புரிவதில்லை, நாற்பது வயதில் புரிகிறது. தலைக்கனம் பற்றிய அச்சத்துக்கும் ஒரு விடை உண்டு. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகளில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமான புதிர் வந்ததும் துவண்டார்கள். 'நல்லா முயற்சி பண்ணினே' என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் போராடினார்கள். ஆளைப் புகழாமல் செயலைப் புகழ்ந்தால் கண்ணும் படாது, கனமும் ஏறாது.

எல்லாக் குழந்தைக்கும் ஒரே வழி ஒத்துவராது என்பதை இரண்டு பிள்ளை பெற்றவர்கள் அனைவரும் அறிவார்கள். மூத்தவள் சொன்ன சொல் தட்ட மாட்டாள், இளையவன் எடுத்ததற்கெல்லாம் கத்துவான். "ஒரே வயித்துல பொறந்தும் பாரு!" அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956இல் தொடங்கி, நியூயார்க்கில் 130க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்த சில மாதங்களிலிருந்து வளர்ந்து ஆளாகும் வரை பின்தொடர்ந்தார்கள். நூற்றுக்கு நாற்பது குழந்தைகள் எளிதில் இணங்கும் இயல்போடும், பத்துப் பேர் எதையும் ஏற்க மறுத்துச் சீறும் இயல்போடும், பதினைந்து பேர் புதியதைக் கண்டால் ஒதுங்கி மெல்லப் பழகும் இயல்போடும் இருந்தார்கள். மீதிப் பேர் கலவை. சீறும் இயல்பு கெட்ட வளர்ப்பால் வந்ததல்ல, தொட்டிலிலேயே இருந்தது. அந்த இயல்புக்கு ஏற்றபடி பெற்றோர் வளைந்துகொடுத்த இடங்களில் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். "நீ வளர்த்த லட்சணம்" என்று மாமியாரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மருமகளுக்கும் இந்த ஆய்வை யாராவது படித்துக் காட்ட வேண்டும். புது ஆளைக் கண்டால் அம்மாவின் சேலைக்குள் ஒளியும் பிள்ளையை, கல்யாண வீட்டில் நடுக்கூடத்துக்கு இழுத்துப்போய்ப் பாடச் சொல்வதும் நிற்க வேண்டும்.

சேட்டைக்கான இன்னொரு காரணத்தைத் தமிழ் மண்ணிலேயே தங்கி ஆராய்ந்தவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், 1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுச் சில மாதங்களில் திரும்பிவிடுவது திட்டம். இடையில் இரண்டாம் உலகப் போர் வலுத்து, இத்தாலி பிரிட்டனுக்கு எதிரி நாடானது. மகன் மாரியோவைக் காவலில் வைத்தார்கள். பின்னர் விடுவித்தார்கள். சில மாதங்கள் என்று வந்தவர், போர் முடியும் வரை இந்தியாவில் தங்கினார். கொடைக்கானலில் இருந்த காலத்தில் சிறு பிள்ளைகள் மலை, செடி, பூச்சிகளோடு பழகுவதை மாரியோவோடு சேர்ந்து பார்த்துப் பார்த்துத் தன் கல்வி முறையை விரித்தெழுதினார். போருக்குப் பின்னும் ஒருமுறை திரும்பி வந்தார். அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்று 1949இல் அடையாற்றிலிருந்துதான் வெளியானது.

அவர் சொன்னதன் சாரம் மிக நடைமுறையானது. கைக்கு உண்மையான வேலை கிடைக்காத குழந்தைதான் உடைக்கிறது, இழுக்கிறது, அடம் பிடிக்கிறது. தன் அளவுக்கு ஏற்ற, முடிவு தெரியக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் குறுக்கிடாமல் விலகி நின்றால், முரட்டுப் பிள்ளை என்று பெயர் வாங்கியதுகூட முக்கால் மணி நேரம் அதிலேயே மூழ்கிக் கிடக்கும்.

புதுச்சத்திரம் பக்கத்து வீடுகளில் இதற்குக் காசு கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டியதே இல்லை. கறிவேப்பிலை உருவலாம், வெங்காயத் தோல் உரிக்கலாம், சொம்பில் தண்ணீர் மொண்டு கோழிக்கு வைக்கலாம், துணி மடிக்கலாம், விரிசல் விட்ட முட்டையைத் தனியே எடுத்து வைக்கலாம். பத்து முட்டையில் ஒன்று கீழே விழும், விழட்டும். இது கூலி வேலைக்குப் பிள்ளையை அனுப்புவதல்ல. அதை எந்த நாளும் ஏற்க முடியாது. சமைக்கிற அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் செய்வதில் ஒரு கைப்பிடியைத் தானும் செய்வது. அப்போது அம்மாவின் வேலை கொஞ்சம் தாமதமாகும் என்பது உண்மை. அந்த நேரத்தில் அவன் தங்கச்சியைக் கிள்ள மாட்டான் என்பதும் உண்மை.

இந்த இடத்தைத்தான் இப்போது செல்போன் பிடித்துக்கொண்டது. சோறு ஊட்ட போன், பஸ்ஸில் போன், அம்மா குளிக்கப் போனால் போன். தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணை இதற்காகக் குற்றம் சொல்வது சுலபம், நியாயமில்லை. ஆனாலும் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. போனைப் பிடுங்கும்போது வரும் ரகளைக்கு, பிடுங்குவதற்கு முன்பே செய்யக்கூடியது உண்டு. 'இந்தப் பாட்டு முடிஞ்சதும் நிறுத்தணும்' என்று முதலில் சொல்லி, முடியும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடுத்து என்ன வேலை என்பதையும் தயாராக வைத்திருப்பது.

அதே போன், தூரத்து அப்பாவுக்குக் கிடைத்த பெரிய வரம். திரையைச் சிறு குழந்தைக்குத் தவிர்க்கச் சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்கூட, உறவினரோடு முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு தந்திருக்கிறது. டீசல் போடும் இடத்தில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் பல அப்பாக்கள் கேட்பது, "அம்மா சொல்றபடி கேக்கறயா? ராவடி பண்ணாம இருக்கியா?" என்பதுதான். பிள்ளையும் "ம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். மாறாக, நேற்று சொன்ன நாய்க்குட்டி இன்றைக்குக் கண் திறந்ததா என்று கேட்கலாம். வண்டியைச் சுற்றிக் காட்டலாம், பனிமூட்டத்தைக் காட்டலாம், இப்போது எந்த ஊரில் நிற்கிறேன் என்று சொல்லி, பள்ளிக்கூட வரைபடத்தில் அதைத் தேடச் சொல்லலாம். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழைத்தால் இன்னும் நல்லது. அம்மா செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: புகாரை இரவில் தனியே சொல்லிவிட்டு, பிள்ளையின் காதுபட அன்றைக்கு அவன் செய்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் அப்பாவிடம் சொல்வது. "உங்கப்பாகிட்டச் சொல்லிருவேன்" என்ற அதே சொல் அப்போது பிள்ளை ஆசையோடு எதிர்பார்க்கிற ஒன்றாக மாறும்.

பதின்ம வயதில் கதை வேறு. கதவைச் சாத்திக்கொள்வதும், கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதும், ஆபத்தை எடைபோடாமல் பைக்கை முறுக்குவதும் அந்த வயதின் மூளை அமைப்போடு சேர்ந்தவை. பின்விளைவை யோசித்து அடக்கும் முன்மூளை முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். நாமக்கல் மாவட்டத்து விடுதிப் பள்ளிகளுக்கு ஒரு காலத்தில் மதிப்பெண்ணுக்காகத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பொதுத் தேர்வில் மாநில அளவிலான தரவரிசையை அரசு 2017இல் நிறுத்தியதும் அந்த வேகம் ஓரளவு தணிந்தது. விடுதிப் பிள்ளையோ வீட்டுப் பிள்ளையோ, மார்க்கைப் பற்றி மட்டுமே பேசுகிற பெற்றோரிடம் வேறு எதையும் பேச வராது. இந்த வயதில் கேள்வி கேட்பதைவிடப் பக்கத்தில் இருப்பது பலிக்கும். பைக்கில் பின்னால் உட்காரவைத்துச் சந்தைக்குப் போகும்போது, முகத்தை நேராகப் பார்க்க வேண்டியில்லாத அந்த நேரத்தில், தானாகவே பேசுவார்கள்.

சில நடத்தைகள் வளர்ப்பில் சரியாகக்கூடியவை அல்ல, மருத்துவர் பார்க்க வேண்டியவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத குழந்தை, இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை, பேசிக்கொண்டிருந்துவிட்டு நிறுத்திய குழந்தை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தை, பல வாரங்களாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டு ஒதுங்கியிருக்கும் பிள்ளை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருந்தால் வருடங்கள் வீணாகும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. வளர்ச்சித் தாமதமும் அவர்கள் தேடும் பட்டியலில் உண்டு. குழு வரும் நாளை அங்கன்வாடி ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மனநல ஆலோசனைக்கு 14416, ஆபத்திலிருக்கும் குழந்தைக்கு 1098, இரண்டும் கட்டணமில்லாத எண்கள். மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வாரம், அந்த நடத்தை எந்த நேரத்தில் வந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, பிறகு வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போனால், அவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் பதில் கையிலேயே இருக்கும்.